பிறவி வால்வுக் குறையோடு விளையாடலாமா?

பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்துவிட்டால் டொக்டரான எனக்கு வரும் கேள்விகளும் மைதானப் பக்கமே ஓடும். இம்முறை வந்தவற்றில் ஐந்து.

மகனுக்கு 14 வயது. இதய வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டுதான் இருக்கிறதாம். பாடசாலை மரதன் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். விடலாமா? (ஒரு தாய், களுவாஞ்சிக்குடி)

அம்மா, நூறு பேரில் ஒருவர் இருவருக்கு இப்படி இருக்கும். மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் உதைபந்தாட்டம் பார்க்கக் கூடும் கூட்டத்திலேயே சிலர், தங்களுக்கு இது இருப்பது தெரியாமல் கத்திக்கொண்டிருப்பார்கள். ஆகவே 'இரு இதழ் வால்வு' என்ற பெயரை மட்டும் கேட்டு நான் ஆமென்றோ இல்லையென்றோ சொல்ல மாட்டேன். எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டை எடுங்கள். வால்வு ஒடுங்கியிருக்கிறதா? இரத்தம் பின்னுக்குக் கசிகிறதா? வால்வுக்கு மேலே, உடம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் பெருநாடி வீங்கியிருக்கிறதா? இந்த மூன்றாவதைக் கேட்காமலே பலர் போய்விடுகிறார்கள். மூன்றும் சரியென்றால், எக்கோவும் பழையதில்லையென்றால், மகன் ஓடட்டும். பெருநாடியின் அளவைப் பிள்ளைகளுக்கு உடல் வளர்த்தியோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்போம். இணையத்தில் பெரியவர்களுக்குச் சொன்ன மில்லிமீட்டர் கணக்கை வைத்துப் பயப்பட வேண்டாம்.

ஒடுக்கம் கடுமை என்றால் கதை வேறு. ஓடும்போது கால் தசைகளின் இரத்தக் குழாய்கள் விரிந்துகொடுக்கும். அதற்கேற்ப இரத்தத்தை அனுப்ப இதயத்துக்கு வாசல் போதாது. அழுத்தம் விழும், பிள்ளையும் விழும். சூடான கச்சான் காற்று அடிக்கிற நாளில் உடம்பில் நீர் வற்றினால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஓடி முடித்து நின்றபின் கொஞ்சம் தலைசுற்றுவது பலருக்கும் உள்ளது. ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கினாலோ, நெஞ்சைப் பிடித்தாலோ அன்றோடு ஓட்டத்தை நிறுத்துங்கள். டொக்டர் பார்த்துச் சொல்லும்வரை திரும்ப ஓடக் கூடாது.

இதில் என் பிழை ஒன்றும் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், குறை லேசாக இருந்த ஒரு பையனிடம் "ஓடாதே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பத்து வருடம் கழித்து, எடை கூடி, பிரஷர் மாத்திரையோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தான். வால்வு அப்படியேதான் இருந்தது.

எனக்கும் அதே இரு இதழ் வால்வுதான், வயது 23. ஜிம்முக்குப் போகிறேன். அர்னால்டுக்கும் இதே குறைதானாமே? (கல்முனை)

உண்மைதான் தம்பி. ஆனால் அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர் 1997இல் நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டார், 2018இல் மறுபடியும் வால்வு மாற்ற வேண்டிவந்தது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூச்சை அடக்கிப் பெரிய பாரத்தைத் தூக்கும் அந்தச் சில வினாடிகளில் இரத்த அழுத்தம் எங்கோ ஏறிவிடும். பயிற்சியுள்ளவர்களிடம் 300ஐத் தாண்டியும் அளந்திருக்கிறார்கள். அந்த அடியை வாங்குவது பெருநாடிச் சுவர். உங்கள் பெருநாடி 40 மில்லிமீட்டருக்குக் குறைவாக, வால்வும் நன்றாக இருந்தால் ஜிம்முக்குத் தடையில்லை. 40ஐத் தாண்டினால் பெரிய பாரங்களை விடுங்கள். 45ஐத் தாண்டினால் போட்டி என்ற பேச்சே வேண்டாம். சித்திரைப் புத்தாண்டுக் கயிறு இழுத்தலும் பாரம் தூக்குவது மாதிரித்தான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லேசான பாரத்தைப் பலமுறை, மூச்சை வெளியே விட்டபடி தூக்கலாம். எதிரே இருப்பவர் எத்தனை கிலோ தூக்குகிறார் என்று பார்க்காதீர்கள். இதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும்.

உலோக வால்வு வைத்து வார்ஃபரின் குடிக்கிறேன். கடினபந்து கிரிக்கெட் ஆடும் நாளில் மட்டும் மாத்திரையை விட்டால் சரிதானே? (அக்கரைப்பற்று)

சரியில்லை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வார்ஃபரின் இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை, அதை விட்டால் உலோக வால்வில் இரத்தம் உறையத் தொடங்கலாம்; அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். மாத்திரையோடு ஆடினாலோ, தலையில் படும் ஒரு பந்து உள்ளே இரத்தக் கசிவாகிவிடலாம். அதனால் விட வேண்டியது கடினபந்தைத்தான். முட்டி மோதி விளையாடும் உதைபந்தாட்டமும் வேண்டாம். பட்மின்டன், நீச்சல், வேக நடை எல்லாம் இருக்கின்றன. எவ்வளவு வேகம் என்பதை உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். தலையில் அடி பட்டால், காயமே தெரியாவிட்டாலும், ஆஸ்பத்திரிக்குப் போய் வார்ஃபரின் குடிப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

அப்புறம், மாத்திரையின் வேலையைக் குறைக்குமே என்று முருங்கை இலையை அடியோடு நிறுத்தத் தேவையில்லை. வழக்கமாகச் சாப்பிடும் அளவைத் திடீரென்று கூட்டிக் குறைக்காமல் இருந்தால் போதும், ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு) ஆடாது.

மகளுக்குக் குழந்தையிலேயே நுரையீரலுக்கு இரத்தம் போகும் இதய வால்வின் ஒடுக்கத்தைப் பலூனால் விரித்தார்கள். இப்போது வலைப்பந்து அணியில் இருக்கிறாள். (கல்லாறு)

மீதி ஒடுக்கம் லேசுதான், இதயத்தின் வலப்பக்க அறை பெரிதாகவில்லை என்று ரிப்போர்ட் சொன்னால் தாராளமாக ஆடட்டும். பலூனுக்குப் பிறகு கசிவு வருவதுண்டு. அது வருடக்கணக்கில் மெதுவாகவே தன்னைக் காட்டும். அதனால் நன்றாக இருக்கிறாள் என்று எக்கோ திகதியைத் தவறவிடாதீர்கள்.

மூத்தவனுக்கு இரு இதழ் வால்வு. இளையவனையும் பார்க்க வேண்டுமா? (ஏறாவூர்)

வேண்டும். இது குடும்பத்தில் ஓடும். பெற்றோர், பிள்ளைகள், கூடப் பிறந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கலாம். பெற்றோரும் ஒருமுறை எக்கோ எடுப்பது நல்லது. இதைச் சொன்னால் கிளினிக்கில் அப்பாமார் "நானுமா டொக்டர்?" என்று கதவுப் பக்கம் பார்ப்பார்கள். ஆமாம், நீங்களும்தான்.