பழைய டீசல் பிக்கப்புக்கு மைலேஜ் கருவி வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் இருபது வருடப் பழைய டீசல் பிக்கப் இருக்கிறது. முன்பு லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தது, இப்போது 9 தான் வருகிறது. டீசல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்கில் ஊற்றும் திரவம், இன்ஜினின் எலக்ட்ரானிக்ஸில் மாட்டும் சிப் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒரு மெக்கானிக் நாலு இன்ஜெக்டரையும் (இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம்) புதிதாகப் போடச் சொல்கிறார். போன வருடம் டயரை ஒரு சைஸ் பெரியதாக மாற்றினேன். எதில் பணம் போடுவது?

பதில்: காந்தம் வேண்டாம். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த மாதிரி எரிபொருள் மிச்சப்படுத்தும் சாதனங்கள் 100க்கு மேல் பரிசோதித்துவிட்டது, மைலேஜைக் கணிசமாகக் கூட்டும் ஒன்றைக்கூட அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. சிப் விஷயத்தில் உங்கள் வண்டியில் இன்ஜெக்டருக்கு டீசலைத் தள்ளும் பம்ப் முழுக்க மெக்கானிக்கலா என்று பாருங்கள். ஆமாம் என்றால் சிப்புக்கு அங்கே வேலையே இல்லை. எலக்ட்ரானிக் பம்ப்பாக இருந்தாலும் பெரும்பாலான சிப்கள் செய்வது டீசலைக் கூடுதலாகத் தள்ளி இழுவையை ஏற்றுவதுதான், நீங்கள் தேடுவது அதுவல்ல.

12 இருந்து 9 ஆனது என்றால் 100 கிலோமீட்டருக்கு 8.3 லிட்டர் குடித்தது இப்போது 11.1 லிட்டர் குடிக்கிறது. இது சின்ன வித்தியாசம் இல்லை, ஆனால் இது முழுக்க உண்மையான இழப்பா என்பதே எனக்குச் சந்தேகம், காரணம் அந்த டயர். டயரின் விட்டம் 5 சதவீதம் கூடினால் நிஜமாக 100 கிலோமீட்டர் ஓடும்போது மீட்டர் 95 தான் காட்டும், டீசல் சரியாகப் போனாலும் கணக்கில் மைலேஜ் குறையும். அதனால் கைபேசி ஜிபிஎஸ்ஸை வைத்து ஒரு நீண்ட தூரம் ஓட்டி மீட்டர் எவ்வளவு பொய் சொல்கிறது என்று முதலில் பாருங்கள். அப்புறம் டேங்க் ஃபுல் செய்து, வழக்கம்போல ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி ஃபுல் செய்து கணக்குப் போடுங்கள். ஒரு தடவை போதாது, மூன்று தடவையின் சராசரி வேண்டும். பெரிய டயர் உண்மையாகவும் கொஞ்சம் தின்னும், கனம் அதிகம், கியர் விகிதமும் மாறிவிடுகிறது, அடுத்த முறை டயர் தேயும்போது பழைய சைஸுக்கே திரும்பிவிடுங்கள்.

மீதி இழப்பைத் தேட வேண்டிய முதல் இடம் இன்ஜின் இல்லை, சக்கரம். என் பழைய வண்டியில் மைலேஜ் விழுந்தபோது ஒரு பட்டறையில் சொன்னதை நம்பி இன்ஜெக்டர் மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் பார்த்தால் ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகி, பின் டிரம் லேசாகப் பிடித்தபடியே மாதக்கணக்கில் ஓடியிருக்கிறது. அந்தப் பணத்தை நீங்களும் வீணாக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகிலும் கையைக் கொண்டுபோங்கள் (தொட வேண்டாம், சுட்டுவிடும்). ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக்கோ பேரிங்கோ பிடிக்கிறது. டயர் காற்றையும் பாருங்கள், ஆனால் ஓட்டுவதற்கு முன்பே, டயர் குளிர்ந்திருக்கும்போது.

அடுத்தது தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் வால்வு. பலர் பார்க்காமலே விடுவது இதுதான். அது திறந்தபடியே மாட்டிக்கொண்டால் இன்ஜின் சூடேறாது, குளிர்ந்த டீசல் இன்ஜின் டீசலைச் சரியாக எரிக்காது. காலையில் ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸும் கூடவே சூடாக ஆரம்பித்தால், அல்லது கால் மணி நேரம் ஓடியும் சூட்டு மீட்டரின் முள் கீழேயே நின்றால், மாற்றிவிடுங்கள். சின்னச் செலவு. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் வண்டி அளவுக்கு மீறிச் சூடாகாது என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். ரேடியேட்டர் ஃபேன் எப்போதும் உறுமிக்கொண்டே இருந்தால் ஃபேன் கிளட்ச் (தேவைப்படும்போது மட்டும் ஃபேனை இன்ஜினோடு இணைக்கும் பாகம்) இறுகியிருக்கலாம், அதுவும் சும்மா சுற்றாது, டீசல் செலவில்தான் சுற்றுகிறது.

அப்புறம் புகை. மிதிக்கும்போது கருப்பாக வந்தால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். ஏர் ஃபில்டரைப் பாருங்கள், டர்போ இருந்தால் இன்டர்கூலர் (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸில் வெடிப்பு, கிளிப் தளர்வு எல்லாம் பாருங்கள். எண்ணெய்க் கசிவு படிந்திருக்கும் ஹோஸைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும், அதுவும் கழற்றி டெஸ்டரில் அழுத்தமும் தெளிப்பும் சோதிக்கச் சொல்லிவிட்டு. பழைய வகை இன்ஜெக்டராக இருந்தால் பெரும்பாலும் தெளிக்கும் முனையான நாசில் மட்டும் மாற்றினால் போதும், முழு இன்ஜெக்டரும் தேவைப்படாது. சோதிக்காமலே நாலையும் மாற்றச் சொல்பவரிடம் எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சோதனை நடக்கும்போது தெளிப்பின் முன்னால் கையை நீட்டாதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அது ஆபத்தான காயம்.

கேள்வி: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மிச்சமாகுமா? பின் கதவைத் திறந்து ஓட்டினால்?

பதில்: இரண்டும் வேண்டாம். கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பம்ப் டீசலை ஏறக்குறைய முழுக்க நிறுத்திவிடும், நியூட்ரலிலோ ஐட்லிங்குக்கான டீசல் போய்க்கொண்டே இருக்கும், இன்ஜின் பிரேக்கும் கிடைக்காது. பின் கதவு மூடியிருந்தால் சாமான் ஏற்றும் தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கி, மேலே வரும் காற்றை வழுக்கிப் போக வைக்கிறது, திறந்தால் அது கலைந்துவிடும். காற்றோடு சண்டை போடாமல் இருக்க வேண்டுமானால் வேகத்தைக் குறையுங்கள், 100ல் போகும்போது காற்றின் எதிர்ப்பு 80ல் இருப்பதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். தொட்டியில் நிரந்தரமாகக் கிடக்கும் சாமானையும் இறக்கிவிட்டு அடுத்த மூன்று டேங்க் கணக்கை எழுதி அனுப்புங்கள், எந்த நிறத்தில் புகை வந்தது, எந்தச் சக்கரம் சுட்டது என்பதையும் சேர்த்து.