ஜனவரி 10-ல் நமக்கு என்ன இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பாடசாலையில் காலைக் கூட்டத்தில் தினம் ஒரு பிள்ளை ‘வரலாற்றில் இன்று’ வாசிக்க வேண்டும். என் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு ஜனவரி 10 கிடைத்திருக்கிறது. தேடினால் லண்டன் சுரங்க ரயில், ஐ.நா. சபை என்றுதான் வருகிறது. தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த நம் இலங்கை மலையகத்துக்கென்று அந்த நாளில் ஒன்றுமே இல்லையா?
– ஓர் ஆசிரியை, புஸ்ஸல்லாவை

பதில்: இருக்கிறது டீச்சர். மலையகத்தில் யாருமே மறக்கக் கூடாத நாள் அது.

1940 ஜனவரி 10, புதன்கிழமை. ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயா தோட்டம். சம்பளத்தைக் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தத்தில் இருந்த தொழிலாளர்களைப் பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். தோட்டத்துக்குள் ஒரு உயிர் போனால் அது தோட்டத்து எல்லையைத் தாண்டாமலே அடங்கிப்போகிற காலம் அது, ஆனால் கோவிந்தனின் சாவை அப்படி அடக்க முடியவில்லை. விசாரணை ஆணைக்குழு போட்டார்கள், அவர் மனைவிக்காக இடதுசாரி வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா ஆஜரானார், முல்லோயா வழக்குகளைத் தள்ளிவைக்கச் சொன்ன உள்நாட்டு அமைச்சரின் பேச்சைப் பொலிஸ் மா அதிபர் கேட்கவில்லை, பிரிட்டிஷ் தேசாதிபதியும் பொலிஸ் பக்கமே நின்றார், அந்த இழுபறியில் அடுத்த மாதமே அமைச்சர்கள் ஒட்டுமொத்தமாகப் பதவி விலகினார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் இருந்த ஒரு மனிதனின் சாவு கொழும்பில் ஆட்சியையே ஆட்டிவிட்டது என்பதை உங்கள் பிள்ளை சத்தமாகவே வாசிக்கட்டும். இப்போது அந்த நாளை மலையகத் தியாகிகள் தினமாக நினைவுகூருகிறார்கள். 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர தோட்டமும் அதே ஹேவாஹெட்டை மலைப்பக்கம்தான், அதையும் ஒரு வரி சேர்த்தால் கேட்கிற பிள்ளைகளுக்கு இடம் மனதில் பதியும்.

நமக்கு நெருக்கமான இன்னொன்றும் அதே தேதியில் இருக்கிறது. 1966 ஜனவரி 10 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் பாகிஸ்தான் ஜனாதிபதி அயூப் கானும் தாஷ்கண்டில் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள், அன்று நள்ளிரவு தாண்டிச் சில மணி நேரத்தில் சாஸ்திரி அங்கேயே காலமானார். எல்லாப் பட்டியலிலும் இது இந்தியா – பாகிஸ்தான் செய்தி. நமக்கோ சாஸ்திரி என்றால் 1964 அக்டோபர் 30. அன்று அவரும் நம் நாட்டுப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் போட்ட கையெழுத்தில், இங்கே குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளி மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இங்கே குடியுரிமை, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அந்த 975,000 பேரில் ஒருவரிடமும் உனக்கு எங்கே இருக்க விருப்பம் என்று முதலில் கேட்கவில்லை. அண்ணன் ஒரு நாட்டிலும் தம்பி இன்னொரு நாட்டிலும் என்று பிரிந்த குடும்பங்கள் உங்கள் வகுப்பிலேயே இருக்கும், வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள்.

1974-ல் அதே ஜனவரி 10 யாழ்ப்பாணத்தில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாள். வீரசிங்கம் மண்டபத்துக்கு வெளியே திரண்டிருந்த கூட்டத்தைப் பொலிஸார் கலைக்கப் போக, மின்கம்பி அறுந்து விழுந்து மக்கள் மாண்டார்கள். முல்லோயாவும் யாழ்ப்பாணமும் ஒரே தேதியில் நிற்பதை நான் முதலில் கவனித்தபோது மனசு கனத்துப்போனது.

மற்றவற்றையும் விட வேண்டாம். 1863-ல் லண்டனில் உலகின் முதல் சுரங்க ரயில் பொதுமக்களுக்கு ஓடத் தொடங்கியது, நம் நாட்டில் முதல் ரயில் ஓடியது அடுத்த வருடக் கடைசியில். 1920-ல் ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் நடைமுறைக்கு வந்தது, 1946-ல் ஐ.நா. பொதுச்சபை 51 நாடுகளோடு லண்டனில் முதல் தடவை கூடியது.

தேடினால் கோவிந்தன் ஏன் வருவதில்லை என்றால், இந்தப் பட்டியல்களை யாரோ உட்கார்ந்து எழுதுகிறார்கள், அவர்களுக்குத் தெரிந்தது மட்டும்தான் அதில் ஏறும். நம் பெரியவர்கள் நாட்களை இங்கிலீஷ் தேதியில் வைத்துக்கொண்டதும் இல்லை, சாவுக்குத் திதி பார்ப்பார்கள், மற்றதெல்லாம் ‘மாரியம்மன் தேர் முடிஞ்ச அடுத்த கிழமை’, ‘மண்சரிவு வந்த வருஷம்’ என்றுதான் சொல்வார்கள். தேதி போட்டு எழுதியதெல்லாம் தோட்டத்தை நடத்திய துரையின் ஒபிசில் செக்ரோலாக, அதாவது தொழிலாளர் பேர், சம்பளப் பதிவேடாக இருந்தது. அதனால் பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, தாத்தா பாட்டி சொல்வதைப் பழைய தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம், மரணச் சான்றிதழ், கல்லறைக் கல் இவற்றோடு ஒப்பிட்டுத் தேதி எழுதவையுங்கள். ஒரு தவணைக்குள் உங்கள் தோட்டத்துக்கே ஒரு ‘வரலாற்றில் இன்று’ வந்துவிடும்.

கேள்வி: சுனாமி 2004 டிசம்பர் 26. சரியாக ஒரு வருடம் முன்னால், 2003 டிசம்பர் 26-ல் ஈரானின் பாம் நகரம் பூகம்பத்தில் அழிந்தது. அந்த நாளே கெட்ட நாளா?
– தரம் 11 மாணவன், பதுளை

பதில்: இல்லை தம்பி. பூமிக்கு அடியில் தட்டுகள் நகர்வதற்கு நம் கலண்டர் தெரியாது. ஒரு வகுப்பில் 23 பேர் இருந்தாலே அவர்களில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்குக் கொஞ்சம் மேலே, ஏனென்றால் 23 பேரை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 253 சோடி வரும். உன் வகுப்பிலேயே கேட்டுப் பார். 23 பேருக்கே இப்படி என்றால் உலகத்தில் ஆயிரம் வருடமாக நடந்ததை எல்லாம் 366 பெட்டிக்குள் போட்டால் எந்தப் பெட்டியும் காலியாக இருக்காது, ஒவ்வொன்றிலும் ஒரு சாவும் ஒரு கண்டுபிடிப்பும் கிடக்கும். கியூரி தம்பதி ரேடியத்தைக் கண்டுபிடித்ததாக அறிவித்ததும் 1898 டிசம்பர் 26-ல்தான். ஒரே ஆளுக்குள்ளேயும் இப்படி அமையும்: முத்துராமலிங்கத் தேவர் பிறந்தது 1908 அக்டோபர் 30, காலமானது 1963 அக்டோபர் 30. அடுத்த வருடம் அதே தேதியில்தான் மேலே சொன்ன சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

கேள்வி: வீட்டில் உள்ள ஒரு கலண்டரில் உலகத் தேயிலை தினம் டிசம்பர் 15, இன்னொன்றில் மே 21. எது சரி?
– ஓய்வுபெற்ற கங்காணி, தலவாக்கலை

பதில்: இரண்டும் சரிதான் ஐயா. தேயிலை நாடுகளின் தொழிலாளர் அமைப்புகள் 2005 முதல் கொண்டாடிவந்தது டிசம்பர் 15. ஐ.நா. 2019-ல் அறிவித்தது மே 21, பெரும்பாலான தேயிலை நாடுகளில் கொழுந்துக் காலம் மே மாதம் தொடங்குவதைக் காரணமாகச் சொன்னார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த கலண்டர் என்றால் மே 21-ல் பயங்கரவாத எதிர்ப்பு தினம் என்று போட்டிருக்கும், 1991-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட நாள் அது. என்னைக் கேட்டால் டிசம்பர் 15-ஐ விட்டுவிடாதீர்கள், அது தொழிலாளர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த நாள்.