8, 14 குரோமோசோம் மாற்றம்: பிள்ளைகளுக்கு வருமா?

ஏற்காடு நண்பருக்கு, அண்ணனின் பர்க்கிட் லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) அறிக்கையில் 8, 14ஆம் குரோமோசோம்கள் இடம் மாறியிருப்பதைப் பார்த்து, அவர் பிள்ளைகளுக்கும் இது வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பயம் வேண்டாம். அந்த மாற்றம் அவர் உடலில் ஏதோ ஒரு பி செல்லில், அதாவது ஆன்டிபாடி செய்யும் ஒருவகை வெள்ளை அணுவில் நடந்தது. விந்தணு வழியாகப் பிள்ளைகளுக்குப் போகாது.

பி செல்லின் வேலையே ஆபத்தானது. கிருமிக்கு ஏற்ற ஆன்டிபாடி செய்ய, தன் டிஎன்ஏவைத் தானே மாற்றி எழுதும். 1999இல் ஜப்பானில் விஞ்ஞானி ஹோஞ்சோவின் குழு கண்டறிந்த ஏஐடி என்ற நொதிதான் அதைத் தொடங்கி வைக்கிறது. அப்போது அறுந்த டிஎன்ஏ முனைகளை ஏடிஎம், 53பிபி1 போன்ற புரதங்கள் பார்த்து இணைக்கின்றன. எப்போதாவது முனை மாறி, செல்லை வளரத் தூண்டும் எம்ஒய்சி மரபணு, ஆன்டிபாடி மரபணுவின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் செல் கட்டுக்கடங்காமல் பெருகும். ஏடிஎம் குறை பிறவியிலேயே வரும் குடும்பங்களும் உண்டு, ஆனால் மிக அரிது. குழந்தைக்குத் தள்ளாட்ட நடையும் அடிக்கடி தொற்றும் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேளுங்கள்.

அதைவிட அவசரமானது ஒன்று. கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். முடிந்தால் கீமோ முடியும்வரை அண்ணனைச் சேலத்திலேயே, மருத்துவமனை பக்கமாகத் தங்க வையுங்கள்.