கல்லீரல் செல்களில் எட்டோமாக்சிர் எந்த அளவில் போட வேண்டும்? கொழுப்புக் கல்லீரலுக்கு அது மருந்தாகுமா?

கேள்வியின் விவரத்தில் "பழைய கட்டுரைகளில் 40, 100, 200 மைக்ரோமோலார் என்று ஆளுக்கொரு அளவு இருக்கிறது, எங்கள் சீனியர் 200 போடச் சொல்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 200-ஐப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன்.

போடாதீர்கள். 3 மைக்ரோமோலாரில் ஆரம்பியுங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கிளம்பலாம், மீதி முழுக்க என் சொந்தக் கதை.

நீங்கள் முனைவர் பட்டத்தின் முதல் அல்லது இரண்டாம் வருடத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். கையில் இருக்கும் செய்முறை உங்களுடையது இல்லை, படித்து முடித்துப் போன ஒருவரின் நோட்டிலிருந்து வந்தது. ஏன் இந்த அளவு என்று கைடிடம் கேட்கத் தயக்கம், அதனால் இங்கே கேட்கிறீர்கள். என் ஊகம் தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நான் அப்படித்தான் இருந்தேன்.

இந்தத் துறையில் இல்லாமல் இதைப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாக: எட்டோமாக்சிர் என்பது செல் கொழுப்பை எரிப்பதைத் தடுக்கும் ஒரு பொருள், மைக்ரோமோலார் என்பது செறிவின் அலகு, நானோமோலார் அதில் ஆயிரத்தில் ஒன்று. பால்மிட்டிக் அமிலம் மாதிரியான நீளச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தாமாகப் போக முடியாது. முதலில் கோஎன்சைம் ஏ-யோடு சேர வேண்டும். அப்புறம் வெளிச்சவ்வில் உட்கார்ந்திருக்கும் சிபிடி-1 என்ற நொதி அதைக் கார்னிட்டினிடம் கைமாற்றிவிட வேண்டும். அதன் பிறகுதான் உள்ளே வழி. கல்லீரலில் கொழுப்பு எவ்வளவு வேகமாக எரியும் என்பது பெரும்பாலும் இந்த வாசலில்தான் முடிவாகிறது. வயிறு நிறைந்திருக்கும்போது உடலே மலோனைல் கோஏ என்ற பொருளை வைத்து இந்த வாசலைச் சாத்திக்கொள்கிறது, பசி வந்ததும் திறந்துவிடுகிறது. எட்டோமாக்சிர் அப்படி இல்லை. அது செல்லுக்குள் போய், தானும் கோஎன்சைம் ஏ-யோடு சேர்ந்து, அந்த வடிவத்தில் நொதியைப் பிடித்துக்கொண்டு விடாது. கழுவினாலும் போகாது, செல் புதிதாக நொதி செய்துகொண்டால்தான் உண்டு. எலிக் கல்லீரலில் நொதியின் வேலையைப் பாதியாகக் குறைக்க 20 நானோமோலாருக்குள்ளேயே போதும் என்று விற்பனைத் தாளிலேயே போட்டிருப்பார்கள்.

20 நானோமோலாருக்கும் 200 மைக்ரோமோலாருக்கும் இடையே பத்தாயிரம் மடங்கு. இந்தக் கணக்கை நான் முதல் இரண்டு வருடம் போட்டுப் பார்க்கவே இல்லை. முழுச் செல்லில் கொஞ்சம் அதிகம் தேவைப்படும், அது வாஸ்தவம்தான். அதற்காகப் பத்தாயிரம் மடங்கா?

என் வேலை ஹெப்-ஜி2 என்ற மனிதக் கல்லீரல் புற்றுநோய்ச் செல்களில். பால்மிட்டேட்டை (பால்மிட்டிக் அமிலத்தின் உப்பு வடிவம்) ஆல்புமின் என்ற புரதத்தோடு கட்டிக் கொடுத்து, எட்டோமாக்சிர் போட்டு, கொழுப்பு எரிவது நின்றால் செல் எப்படித் திண்டாடுகிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு முன்பிருந்த அண்ணாவின் நோட்டில் "எட்டோ 200, வழக்கம்போல" என்று இருந்தது. அந்த "வழக்கம்போல" யாருடைய வழக்கம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நானும் என் நோட்டில் "வழக்கம்போல" என்றே எழுதினேன்.

முதல் முறை போட்டுவிட்டு மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறந்தால், தகட்டில் 200 போட்ட கிணறுகளில் (செல் வளர்க்கும் குழிகளில்) மட்டும் மீடியம், அதாவது வளர்ப்புத் திரவம், மஞ்சளாகிக் கிடந்தது. பக்கத்தில் மருந்து போடாத கன்ட்ரோல் கிணறுகள் செம்மை மாறாமல் இருந்தன. மீடியத்தில் இருக்கும் ஃபீனால் ரெட் அமிலம் கூடினால் மஞ்சளாகும் என்பது ஆய்வகத்தில் கால் வைத்த முதல் வாரமே தெரிந்துவிடும். கிருமி விழுந்துவிட்டது என்று நினைத்து மைக்ராஸ்கோப்பில் அரை மணி நேரம் தேடினேன். எதுவும் நெளியவில்லை. மைக்ராஸ்கோப்பில் சிக்காத மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமிக்கான பரிசோதனையும் செய்தேன், இல்லை என்று வந்தது. அண்ணாவுக்குப் போன் போட்டேன். "கொழுப்ப நிறுத்திட்டீல்ல, அதான் செல்லு சக்கரைய திங்குது, லாக்டேட் வருது. நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார். கேட்க அழகாக இருந்தது. நம்பினேன். லாக்டேட் அளந்து, கூடியிருக்கிறது என்று ஒரு படமே போட்டேன்.

தப்பான விளக்கமும் சில நேரம் சரியான விளக்கத்தைப் போலவே கச்சிதமாகப் பொருந்தும். இதில் அதுதான் நடந்தது. செல் சர்க்கரையைத் தின்றதும் உண்மை, லாக்டேட் கூடியதும் உண்மை. காரணம்தான் வேறு.

2018-ல் அடுத்தடுத்துக் கட்டுரைகள் வந்தன. மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் 10 மைக்ரோமோலாரே கொழுப்பு எரிவதைச் சுமார் 90 சதவீதம் நிறுத்திவிடுகிறது, ஆனால் செல்கள் பாட்டுக்குப் பெருகுகின்றன, 200-க்குப் போனால்தான் பெருக்கம் குறைகிறது என்று ஒன்று. அந்தக் கூடுதல் விளைவுக்கும் சிபிடி-1-க்கும் சம்பந்தம் இல்லை, அது மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலியில் முதல் கூட்டமைப்பையே முடக்குகிறது என்று காட்டினார்கள். நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்களில் சிபிடி-1ஏ (சிபிடி-1-இன் ஒரு வகை, கல்லீரலில் இருப்பதும் இதுதான்) மரபணுவையே எடுத்துவிட்ட பிறகும் எட்டோமாக்சிர் தன் வேலையைக் காட்டுகிறது என்று இன்னொன்று. அதிக அளவில் போட்டால் செல்லில் இருக்கும் கோஎன்சைம் ஏ-யை இதுவே வாரிக்கொண்டு போய்விடுகிறது என்று மேக்ரோஃபேஜ்கள் என்ற இன்னொரு வகை நோய் எதிர்ப்புச் செல்களில் மற்றொன்று.

இதில் ஒன்றை எங்கள் ஜர்னல் கிளப்பில் ஒரு ஜூனியர் பெண் எடுத்துப் பேசினாள். முடித்துவிட்டு எல்லார் முன்னாலும், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், "அக்கா, நீங்களும் 200 தானே போடுறீங்க?" என்று கேட்டாள். என் கைடு மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது. "ஆமா, ஆனா நம்ம செல் வேற" என்றேன். அந்த நேரத்துக்கு வாயில் வந்தது அதுதான்.

அன்று ராத்திரி நோட்டைப் புரட்டினேன். பதினோரு மாதம் முன்னால் ஒரு பக்கம். சீஹார்ஸ் கருவியில் ஆக்சிஜன் நுகர்வை அளந்த தகடு. பால்மிட்டேட் போட்ட கிணறுகளில் எட்டோமாக்சிர் விழுந்ததும் கோடு கீழே இறங்கியிருந்தது, சரி. வெறும் ஆல்புமின் போட்ட கிணறுகளிலும் இறங்கியிருந்தது. ஆக்டனோயேட் போட்டவற்றிலும் இறங்கியிருந்தது. ஆக்டனோயேட் எட்டே கார்பன் உள்ள கொழுப்பு அமிலம், சிபிடி-1 வாசல் அதற்குத் தேவையே இல்லை, நேராக உள்ளே போகும். வாசலை மட்டும் சாத்தியிருந்தால் அந்தக் கோடு அசையக் கூடாது. அசைந்தது என்றால் உள்ளே வேறெதையோ உடைத்திருக்கிறோம் என்று அர்த்தம். விடை என் கையெழுத்திலேயே இருந்தது. அதன் மேல் நான் சிவப்பு மையில் எழுதியிருந்தது: "தகடு சரியில்லை, மறுபடி செய்யவும்."

மறுபடி ஏன் செய்யவில்லை? கருவி கிடைக்கவில்லை. இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பொதுக் கருவிக்கு முன்பதிவு என்று ஒன்று வைக்கிறார்கள். சிலர் மாதம் பிறந்ததும் எல்லாத் திங்கள், புதன், வெள்ளியிலும் தங்கள் பேரைப் போட்டுவிடுவார்கள். வரமாட்டார்கள். ரத்தும் செய்யமாட்டார்கள். செல் சரியாக வளரவில்லையாம். உங்கள் செல் வளரவில்லை என்றால் ஒரு செய்தி அனுப்பக்கூடவா முடியாது? நான் முந்தின நாள் செல்லைத் தகட்டில் போட்டுக் காத்திருந்து, காலியாகக் கிடந்த கருவியின் முன்னால் நின்று, பதிவு செய்த ஆள் வராவிட்டாலும் தொடக் கூடாது என்ற விதியால் தகட்டைக் குப்பையில் கொட்டியது மூன்று முறை. பொறுப்பில் இருந்தவரிடம் சொன்னால் "நீங்களும் முன்னாடியே போட்டிருக்கலாமே" என்பார். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் அந்தத் தகட்டை அந்த மாதமே மறுபடி ஓட்டியிருந்தால் எனக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். 1, 3, 10, 40, 200 என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். என் செல்களில் 3-லேயே பால்மிட்டேட்டின் கோடு இறங்கவேண்டிய அளவு இறங்கிவிட்டது, ஆக்டனோயேட்டின் கோடு அப்படியே நின்றது. 40-ல் ஆக்டனோயேட்டும் லேசாகச் சரிய ஆரம்பித்தது. 200-ல் எல்லாமே சரிந்தது. செல்சவ்வைத் துளைத்துவிட்டு, முதல் கூட்டமைப்பு வழியாக எரியும் பைருவேட்டும் மாலேட்டும் கொடுத்தால் 200-ல் சுவாசம் படுத்துவிட்டது, சக்சினேட் கொடுத்தால் எழுந்தது. சக்சினேட் இரண்டாம் கூட்டமைப்பு வழியாக நுழைவதால் முதலாவதைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. ஆக, அடி விழுந்த இடம் முதல் கூட்டமைப்புதான். மறுநாள் காலை இன்குபேட்டரில் 3 மைக்ரோமோலார் கிணறுகள் கன்ட்ரோலின் அதே நிறத்தில் இருந்தன. எவை மருந்து போட்டவை என்று மூடியில் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

"கொழுப்பு எரியாவிட்டால் செல் சாகிறது" என்ற என் முக்கியமான படம் 3 மைக்ரோமோலாரில் காணாமல் போனது. லாக்டேட் படமும் போனது. ஐந்து படக் கட்டுரை மூன்று படமானது. மேடம் திட்டவில்லை. "நல்லவேளை, அனுப்பறதுக்கு முன்னாடி தெரிஞ்சுது" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இப்போது சிலர் கிளம்பி வருவீர்கள். "செல்லுக்குச் செல் மாறும், 3 எல்லாவற்றுக்கும் போதாது." ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் ஆரம்பியுங்கள் என்றேன், 3 போட்டு முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. "அப்படியானால் பழைய கட்டுரைகள் எல்லாம் பொய்யா?" நான் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் பார்த்ததைத்தான் எழுதினார்கள், நானும்தான் பார்த்தேன். 200-ல் கிடைத்த முடிவைக் கொழுப்பு எரிவதன் கணக்கில் எழுதுவதுதான் தவறு. "எட்டோமாக்சிரையே விட்டுவிட்டு மரபணுவை அடக்கிப் பார்க்கலாமே" என்பவர்களுக்கு: பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் நிமிடக் கணக்கில் என்ன மாறுகிறது என்று தெரிய இன்னமும் இந்த மாதிரி ஒரு பொருள்தான் கை கொடுக்கிறது. இரண்டையும் செய்தால் கட்டுரையைப் பரிசீலிப்பவர் வாயடைத்துப் போவார், அந்த ஒரு சுகத்துக்காகவாவது செய்யுங்கள்.

கொழுப்புக் கல்லீரலுக்கு மருந்தாகுமா என்ற இரண்டாவது கேள்விக்கு ஒரே சொல்: ஆகாது. பெயரோடு "கொழுப்பு", "வளர்சிதை மாற்றம்" என்றெல்லாம் சேர்ந்து வருவதால் இது கொழுப்பைக் கரைக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். தலைகீழ். கல்லீரல் கொழுப்பை எரிக்கும் வழியை இது அடைக்கிறது. எரியாத கொழுப்பு எங்கே போகும், அங்கேயே சேரும். பிறவியிலேயே சிபிடி-1ஏ குறைபாடு உள்ள குழந்தைகள் சாப்பிடாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடும், ஈடுகட்டக் கீட்டோனும் போதுமான அளவு உருவாகாது. அந்த நிலையை நாமே மாத்திரை போட்டு வரவழைத்துக்கொள்வானேன்?

மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்காமலும் இல்லை. முதலில் நீரிழிவுக்கு யோசித்தார்கள். பிறகு இதயச் செயலிழப்புக்கு ஒரு சோதனை நடந்தது. அதே அளவு ஆக்சிஜனுக்குக் கொழுப்பைவிடச் சர்க்கரை சற்றே அதிக ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) தரும், எனவே கொழுப்பை அடைத்துச் சர்க்கரைக்குத் திருப்பினால் இதயம் தேறும் என்பது எண்ணம். தினம் 40 அல்லது 80 மில்லிகிராம். மருந்து எடுத்த 4 பேருக்குக் கல்லீரல் நொதிகள் ஏற்க முடியாத அளவு உயர்ந்ததால் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2007-ல் முடிவு வெளியானது. கல்லீரலால் நின்றுபோன ஒன்றைக் கல்லீரலுக்கு மருந்தாகுமா என்று கேட்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த வயதில் நானும் கேட்டிருப்பேன்.

கடைசியாக, கரைப்பதைப் பற்றி. பாட்டிலில் சோடியம் உப்பா, எத்தில் எஸ்டரா என்று பாருங்கள். உப்பு தண்ணீரில் கரையும், எஸ்டர் கரையாது, அதற்கு டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் வேண்டும், அப்போது கன்ட்ரோலிலும் அதே அளவு டிஎம்எஸ்ஓ போக வேண்டும். உப்பின் மூலக்கூறு எடை சுமார் 320.7. 5 மில்லிகிராமை 390 மைக்ரோலிட்டரில் கரைத்தால் 40 மில்லிமோலார் வரும். பாட்டிலில் நீர்மூலக்கூறோடு சேர்ந்த உப்பு என்று இருந்தால் அந்த லேபிளில் உள்ள எடையையே எடுத்துக்கொள்ளுங்கள். 40 மில்லிமோலாரிலிருந்து நேராக 3 மைக்ரோமோலாருக்கு இறங்காதீர்கள், பிப்பெட்டில் அரைக்கால் மைக்ரோலிட்டர் எடுக்கும் வித்தை யாருக்கும் வராது. நடுவில் ஒரு 1 மில்லிமோலார் குழாய் வைத்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்னக் குழாய்களாகப் பிரித்து உறைய வையுங்கள். மேலே செறிவையும் தேதியையும் எழுதுங்கள், "வழக்கம்போல" என்று எழுதாதீர்கள். முதல் தகட்டிலேயே ஆக்டனோயேட் வரிசை ஒன்று இருக்கட்டும். கணக்கில் சந்தேகம் வந்தால் பாட்டில் லேபிளில் உள்ளதைக் கீழே எழுதுங்கள், போட்டுத் தருகிறேன்.