நிரல் ‘அழித்துவிட்டேன்’ என்கிறது, பதிவு மட்டும் அப்படியே இருக்கிறது. ஏன்?

கிளவுடில் உள்ள நோஎஸ்க்யூஎல் தரவுத்தளத்திலிருந்து பைத்தான் நிரல் வழியாகச் சில பதிவுகளை அழிக்கிறீர்கள். பிழை எதுவும் வரவில்லை, ‘வெற்றி’ என்று பொருள்படும் 200 என்ற பதில் வருகிறது, திறந்து பார்த்தால் பதிவு அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. இதுதானே கேள்வி? எந்தத் தரவுத்தளம் என்று நீங்கள் எழுதவில்லை. அறிகுறியைப் பார்த்தால் அமேசானின் டைனமோடிபி மாதிரி இருக்கிறது. அப்படியே வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

நீங்கள் கொடுத்த கீ, அதாவது பதிவை அடையாளம் காட்டும் மதிப்பு, அந்தப் பதிவின் கீ அல்ல. டைனமோடிபியிடம் இல்லாத ஒன்றை அழிக்கச் சொன்னாலும் ‘ஆயிற்று’ என்றுதான் சொல்லும், அதற்கு ஒரு ரைட் யூனிட்டும் (எழுதுவதற்கான கட்டண அலகு) கணக்கில் எழுதிக்கொள்ளும். டெலீட்ஐட்டம் அழைப்பில் ரிட்டர்ன்வேல்யூஸ் என்ற இடத்தில் ஆல்_ஓல்ட் என்று கொடுங்கள். அழிந்த பதிவு பதிலில் திரும்பி வரும். எதுவும் வராவிட்டால் எதுவும் அழியவில்லை. அல்லது கண்டிஷன்எக்ஸ்பிரஷனில் ஆட்ரிப்யூட்_எக்ஸிஸ்ட்ஸ் வையுங்கள். இல்லாததை அழிக்கப் போனால் அப்போதே பிழை எழுப்பும். டேபிளில் பதிவுகளைப் பிரித்து வைக்கும் பார்ட்டிஷன் கீ, அதற்குள் வரிசைப்படுத்தும் சார்ட் கீ இரண்டும் இருந்தால் இரண்டையும் கொடுத்தாக வேண்டும். ‘இந்த ஊர்க்காரர்கள் எல்லோரையும் அழி’ என்று எஸ்க்யூஎல் மாதிரி ஒரே வரியில் சொல்ல முடியாது. தேடி எடுத்து, ஒவ்வொன்றின் கீயையும் கொடுத்துத்தான்.

இத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் இதே 200-ஐ நம்பி நான் ஒரு சனிக்கிழமை தெருவில் நிற்க வேண்டியதாயிற்று.

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மாடி அறையில் நாங்கள் நான்கு பேர் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். ஆம்பூர்ப் பக்கம் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைத்துக் கொடுக்கும் ஒரு கம்பெனி எங்கள் வாடிக்கையாளர். அதற்காகத் தைப்பவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெண்கள். யார் எத்தனை ஜோடி தைத்தார் என்பது வாரா வாரம் எங்கள் டேபிளில் ஏறும், சனிக்கிழமை அதைப் பார்த்துக் கூலி. அந்த டேபிளின் பார்ட்டிஷன் கீ, மாவட்டம். சார்ட் கீ, ஊரும் தொழிலாளர் எண்ணும் சேர்ந்தது. மாவட்டத்தைப் போய்க் கீயாக வைத்த அறிவாளி யார் என்று கேட்காதீர்கள், அது நான்தான். மாவட்டம் மாறவா போகிறது என்று நினைத்தேன்.

2019 நவம்பர் 28-ஆம் தேதி வேலூர் மாவட்டத்திலிருந்து திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டைக்கு. பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றது. கம்பெனி, படிவங்களில் புது மாவட்டம் வர வேண்டும் என்றது. கீயாக இருக்கும் புலத்தை டைனமோடிபியில் திருத்த முடியாது. புதுக் கீயில் பதிவை எழுத வேண்டும், பழையதை அழிக்க வேண்டும்.

2020 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அதைத்தான் செய்தேன். பல கோரிக்கைகளை ஒரே மூட்டையாக அனுப்பும் பேட்ச்ரைட்ஐட்டம் ஒரு தடவைக்கு 25 கோரிக்கைகள் வரை எடுக்கும். ஆளுக்கு ஓர் எழுதுதல், ஓர் அழித்தல் என்று கலந்து அனுப்பினேன். டேபிளுக்கு நொடிக்கு 5 ரைட் யூனிட்தான் வாங்கி வைத்திருந்தோம். அந்த அளவு தாண்டியதும், முடித்ததை முடித்துவிட்டு மீதியை அன்ப்ராசஸ்ட்ஐட்டம்ஸ் என்ற பட்டியலில் திருப்பித் தந்திருக்கிறது. நான் அந்தப் பட்டியலைப் பார்க்கவே இல்லை. பிழை வரவில்லையே! ஒரு பேட்ச் என்றால் முழுதாக நடக்கும் அல்லது நடக்காது என்ற நினைப்பு. அப்படி ஓர் உறுதி அதில் கிடையாது. சிலருக்கு எழுதுதல் நடந்து அழித்தல் நடக்கவில்லை, இரண்டு மாவட்டத்திலும் இருந்தார்கள். சிலருக்கு அழித்தல் நடந்து எழுதுதல் நடக்கவில்லை. அவர்கள் எங்குமே இல்லை.

மறுநாள் பதினொரு மணிக்குத் தொலைபேசி வந்தது. பஸ் பிடித்து ஆம்பூர் போனேன். கூலி கொடுக்கும் இடத்தில் வரிசை நகராமல் நின்றது. முன்னால் இருந்த அம்மா, நூல் அறுக்காமலிருக்க ஆள்காட்டி விரலில் சுற்றிய சைக்கிள் டியூப் துண்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். “கம்ப்யூட்டரில் நான் இல்லை என்கிறார்கள் தம்பி. அப்படியென்றால் இந்த 84 ஜோடியை யார் தைத்தது?” என்று ஓர் அட்டையை நீட்டினார். ஷூ பெட்டியின் மூடியைக் கிழித்த அட்டை. உட்புறத்தில் நீலப் பேனாவால் நான்கு கோடும் அவற்றின் குறுக்கே ஒன்றுமாக ஐந்து ஐந்தாகக் கீறியிருந்தது, கடைசியில் தனியாக நான்கு. எண்ணிப் பார்த்தேன், 84. எங்களிடம் பேக்கப் இல்லை. பாயின்ட்-இன்-டைம் ரெக்கவரியை இயக்கி வைத்திருந்தால் 35 நாள் வரை பின்னால் போய் எந்த நொடியையும் ஒரு புது டேபிளாக மீட்டிருக்கலாம். காசு மிச்சம் என்று நிறுத்தி வைத்ததும் நான்தான். மாலை ஆறரை வரை உட்கார்ந்து, அட்டைகளையும் ஏஜென்டுகளின் சீட்டுகளையும் பார்த்து, காணாமல் போன 61 பேரையும் கையால் ஏற்றினேன்.

இங்கே ஒருவர் வந்து “டிரான்சாக்‌ஷன் வசதி 2018-லேயே வந்துவிட்டதே” என்பார். தெரியும். எழுதுவதும் அழிப்பதும் சேர்ந்தே நடக்க டிரான்சாக்ட்ரைட்ஐட்டம்ஸ்தான் சரி. இரட்டிப்பு யூனிட் ஆகும் என்று தயங்கினேன். இன்னொருவர் “அமேசானின் பைத்தான் நூலகமான போட்டோ3-இல் பேட்ச்_ரைட்டர் இருக்கிறதே, விடுபட்டதை அதுவே மறுபடி அனுப்புமே” என்பார். அதுவும் உண்மை. “இதற்குப் போஸ்ட்கிரெஸ் மாதிரி ஒரு எஸ்க்யூஎல் தரவுத்தளம் போதாதா” என்பவரோடு எனக்குச் சண்டையே இல்லை, போதும்.

இனி உங்கள் சிக்கலுக்கு நேராகப் பொருந்துவது. அந்த வேலை முடிந்த பிறகும் சோமலாபுரத்துப் பதிவுகள் சில அழிய மறுத்தன. எத்தனை தடவை ஓட்டினாலும் 200, பதிவு அங்கேயே. திரையில் கீயும் நான் கொடுத்ததும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. இரண்டு நாள் கழித்து, வெறுத்துப்போய் ஊர்ப் பெயரின் நீளத்தை யூனிகோடு குறிகளில் எண்ணினேன். ஒன்று 10, மற்றொன்று 11. ‘சோ’வில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், டைனமோடிபிக்கு வேறு வேறு. யாரோ ஒருவருடைய தட்டச்சு மென்பொருள் இரண்டாக அடித்திருக்கிறது. பைத்தானின் யூனிகோட்டேட்டா நூலகத்தின் நார்மலைஸ் மூலம், இப்படிப்பட்டவற்றை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பின்பே இப்போது எதையும் கீயாக எழுதுகிறோம். பழைய பதிவை அழிக்க மட்டும் அது எப்படிக் கிடக்கிறதோ அப்படியே கீயை எடுத்துக் கொடுக்க வேண்டும். உங்கள் கீயில் தமிழ் இருந்தால் முதலில் இதைப் பாருங்கள். இல்லாவிட்டால் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடத்தை.

மாவட்டம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை. என் அப்பா படித்தது வட ஆற்காடு மாவட்டத்தில். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்து போனது, மீதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது, பிறகு வேலூர் ஆனது, இப்போது எங்கள் ஆம்பூர் வீடு திருப்பத்தூரில் இருக்கிறது. வீட்டை யாரும் ஓர் அடிகூட நகர்த்தவில்லை. ஆனால் கடன் கேட்டுப் போன ஒரு வங்கியில், ஆதாரில் வேலூர் மாவட்டம், வீட்டு வரி ரசீதில் திருப்பத்தூர் மாவட்டம், ‘இரண்டும் வேறு முகவரி’ என்று என்னை மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். அன்று அந்த அலுவலர் மீது எனக்கு வந்த கோபம் கொஞ்சம் அநியாயமானதுதான். நான் எழுதிய நிரலும் அதையேதான் செய்தது.

பழைய பதிவுகளைச் சுத்தம் செய்வதுதான் உங்கள் நோக்கம் என்றால் அழிக்கும் நிரலே வேண்டாம், டிடிஎல் வையுங்கள், அதாவது பதிவிலேயே அது காலாவதியாகும் நேரத்தை எழுதி வையுங்கள். அந்த அழிப்புக்கு ரைட் யூனிட் செலவு இல்லை. ஆனால் நேரம் வந்த நொடியே போய்விடாது, சில நாள் ஆகலாம். நேரத்தை நொடியில் கொடுங்கள். மில்லிநொடியில் கொடுத்தால் பல ஆயிரம் ஆண்டு கழித்துத்தான் அதன் முறை வரும். நீங்கள் பயன்படுத்துவது கூகுளின் ஃபயர்ஸ்டோர் தரவுத்தளம் என்றால் கதை வேறு: அங்கே ஓர் ஆவணத்தை அழித்தாலும் அதன் கீழுள்ள துணைத் தொகுப்புகள் அழியாது, அவற்றைத் தனியாக அழிக்க வேண்டும்.

எதற்கும் உங்கள் டேபிளின் கீ அமைப்பையும் அழிக்கும் வரியையும் கேள்வியில் சேர்த்துப் போடுங்கள், பார்க்கிறேன். இன்று சனிக்கிழமை, கூலிப் பட்டியல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏழு மணிக்கு மேல்தான் வருவேன்.