பெடலை மிதித்துப் பார்த்தீர்களா?

அன்புள்ள ஐயா,

என் பழைய ஆல்டோவில் பிரேக் பிடித்தால் முன்சக்கரம் கிரீச்சிடுகிறது. பிரேக் பேட் மாற்ற வேண்டும் என்றார்கள். வீடியோக்கள் பார்த்தேன், நானே மாற்றலாம் என்று தோன்றுகிறது. ஜாக்கி இருக்கிறது, முட்டுக் கொடுக்கச் செங்கல் இருக்கிறது. எந்த கம்பெனி பேட் வாங்கலாம்? மனைவி வேண்டாம் என்கிறார்.

– ஒரு வாசகர், தாராபுரம்

அன்புள்ள நண்பருக்கு,

போன வாரம் என் மகனுக்கு லைசென்ஸ் வந்தது. அதிலிருந்து ஒரு பழைய ஞாயிற்றுக்கிழமை மனதை விட்டுப் போகவே இல்லை. அந்த நேரத்தில் உங்கள் கடிதம்.

செங்கலா? அதை எழுதும்போது கை கூசவில்லையா உங்களுக்கு? செங்கல் சொல்லாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்ட் வாங்காமல் சக்கரத்தைக் கழற்றாதீர்கள். எந்த கம்பெனி என்பதெல்லாம் பெரிய விஷயம் இல்லை, உங்கள் மாடலுக்கு உரிய ஒரிஜினலை வாங்குங்கள்.

அந்த ஞாயிறு நானும் உங்களைப் போலத்தான். இரண்டு பக்கமும் பேட் மாற்றி, நட்டெல்லாம் முறுக்கி, கை கழுவிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். எட்டு வயது மகன் ஓடிப்போய் கேட்டைத் திறந்துகொண்டிருந்தான். பிரேக்கை மிதித்தேன். பெடல் தரைவரை போயிற்று. வண்டி நிற்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அது கம்பியில் இழுபட்டுப் பின்சக்கரங்களைப் பிடிப்பது, அதனால் பிடித்தது. அவனுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம்.

எதுவும் உடைந்திருக்கவில்லை. சக்கரத்தோடு சுழலும் தட்டின் மேல் பேடை அழுத்திப் பிடிப்பதுதான் காலிப்பர். பேட் தேயத் தேய அதற்குள் இருக்கும் பிஸ்டன் என்ற உருளை வெளியே வந்துகொண்டே இருக்கும். தடித்த புதுப் பேட் நுழைய வேண்டுமென்று அதை நாம்தான் அழுத்தி உள்ளே தள்ளுகிறோம். அப்புறம் பிஸ்டனுக்கும் பேடுக்கும் நடுவே இடைவெளி. ஒரு மிதியில் போகும் பிரேக் ஆயில் அந்த இடைவெளியை அடைக்கவே போதாது. எஞ்சினைக் கிளப்பும் முன்பே பெடலை மிதியுங்கள், மறுபடி மிதியுங்கள், கல் மாதிரி காலைத் தடுக்கும்வரை மிதியுங்கள். நீங்கள் பார்த்த வீடியோவில் இது இருந்ததா? இருந்திருந்தால் உங்கள் கடிதத்தில் ஒரு வரியாவது வந்திருக்கும். பேடின் கம்பெனியைக் கேட்டீர்கள், இதைக் கேட்கவில்லையே!

பிஸ்டனைத் தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும். வழிந்தால் பெயின்டை அரிக்கும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். காலிப்பரை அதற்கு ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். தூசியை வாயால் ஊதாதீர்கள். சரி, இவையெல்லாம் யாரும் சொல்வார்கள்.

மனைவியிடம் கோபப்படாதீர்கள். முதல் தடவை மாற்றும்போது அருகில் கை தேர்ந்த ஒருவர் நிற்கட்டும். வண்டியை நகர்த்தும்போது வாசலில் ஒருவரும் நிற்க வேண்டாம். கேட்டை முன்னாடியே திறந்து வைத்துவிடுங்கள்.