சர்ச்சில் ஏன் தோற்றார்? 1945 பிரிட்டன் தேர்தல்: கேள்வி பதில்

1945 ஜூலையில் பிரிட்டனில், இரண்டாம் உலகப்போரை நடத்திய பிரதமர் சர்ச்சிலின் கன்சர்வேட்டிவ் கட்சியைத் தோற்கடித்து, தொழிற்கட்சி முதன்முறையாகத் தனிப் பெரும்பான்மையோடு ஆட்சியைப் பிடித்தது. அதற்கு முன் 1924லும் 1929லும் அமைத்தவை சிறுபான்மை அரசுகள்தான். இந்தத் தேர்தலைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் இதோ.

கேள்வி: சார், போரை ஜெயித்துக் கொடுத்தவரையே உடனே வீட்டுக்கு அனுப்பினார்களே, அவ்வளவு நன்றி கெட்டவர்களா?

பதில்: நன்றியெல்லாம் இருந்தது. சர்ச்சில் பிரசாரத்துக்குப் போன பல இடங்களில் கூட்டம் கூடிக் கைதட்டியது. ஆனால் ஓட்டு கேட்டு நின்றது அவருடைய கன்சர்வேட்டிவ் கட்சி. அந்தக் கட்சி என்றாலே 1930களின் வேலையில்லாத் திண்டாட்டமும், மியூனிக்கில் ஹிட்லரிடம் பணிந்து போனதும்தான் பலருக்கு ஞாபகம் வந்தது. முதல் உலகப்போர் முடிந்ததும் வீரர்களுக்கு நல்ல வீடு கட்டித் தருவதாகச் சொன்னதில் பெரும்பாலானது காற்றோடு போயிருந்தது. அப்பன் ஏமாந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் இப்போது ராணுவ உடையில் ஓட்டுப் போட்டார்கள்.

நடுவில், 1942 டிசம்பரில், பெவரிட்ஜ் அறிக்கை வந்தது. நோய், வேலையிழப்பு, முதுமை எதுவானாலும் எல்லோருக்கும் காப்பீடு என்றது. அரசாங்க அறிக்கை ஒன்றை ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள் என்றால் பாருங்கள்! தொழிற்கட்சி அதைக் கையில் எடுத்துக்கொண்டது. போர் முடியட்டும் என்றார் சர்ச்சில். என் கணக்கில் பாதித் தேர்தல் அங்கேயே முடிந்துவிட்டது.

கேள்வி: 'கெஸ்டபோ' பேச்சுதான் கவிழ்த்தது என்கிறார்களே?

பதில்: கவிழ்க்கவில்லை, ஆனால் நல்ல பெயரைக் கெடுத்தது. ஜூன் 4 அன்று வானொலியில், சோஷலிச அரசு வந்தால் ஏதோ ஒரு வகை கெஸ்டபோ (ஹிட்லரின் ரகசிய போலீஸ்) இல்லாமல் நடத்த முடியாது என்றார். யாரை? தன் போர்க்காலக் கூட்டணி அமைச்சரவையிலேயே துணைப் பிரதமராக இருந்த தொழிற்கட்சித் தலைவர் அட்லியின் கட்சியை! மறுநாள் அட்லி குரலே உயர்த்தாமல், போர்த் தலைவர் சர்ச்சில் வேறு, கட்சித் தலைவர் சர்ச்சில் வேறு என்பதை ஜனங்களுக்கு அவரே காட்டிவிட்டார், அதற்கு நன்றி என்கிற தோரணையில் பேசி முடித்தார்.

கேள்வி: வாக்குப்பதிவு ஜூலை 5, முடிவு ஜூலை 26. நடுவில் ஏதாவது தில்லுமுல்லா அண்ணே?

பதில்: அதெல்லாம் இல்லை. வெளிநாடுகளில் இருந்த வீரர்களின் வாக்குகள் வந்து சேர வேண்டியிருந்தது. 640 இடங்களில் தொழிற்கட்சிக்கு 393. முடிவு வரும் முன் போட்ஸ்டாம் மாநாட்டுக்கு சர்ச்சில், அட்லி இருவரும் போயிருந்தார்கள். பிரதமராகத் திரும்பிப் போனது அட்லி.

கேள்வி: அட்லியைத் தலைமையிலிருந்து தூக்கிவிட உள்கட்சியிலேயே முயற்சி நடந்ததாமே?

பதில்: ஆமாம். வெற்றிச் செய்தி வந்த அன்றே தொழிற்கட்சியின் மூத்த தலைவர் ஹெர்பர்ட் மாரிசன், முதலில் எம்.பி.க்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று கிளப்பினார். இன்னொரு மூத்த தலைவரான எர்னஸ்ட் பெவின், நேரே அரண்மனைக்குப் போய்விடுங்கள் என்றார் அட்லியிடம். மனைவி வயலட் கார் ஓட்ட, மன்னரைப் பார்த்துப் பதவி ஏற்றுவிட்டார். அப்புறம் மாரிசன் என்ன செய்வார்?

கேள்வி: சர்ச்சில் ஜெயித்திருந்தால் நமக்கு 1947ல் சுதந்திரம் கிடைத்திருக்குமா ஐயா?

பதில்: தள்ளிப்போயிருக்கும் என்பது என் அபிப்பிராயம். அதற்காக எல்லாப் புகழும் அட்லிக்கே என்று எழுதிவிடக் கூடாது. 1946 பம்பாய் கடற்படைக் கலகம், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவ (ஐ.என்.ஏ.) வீரர்கள் மீதான வழக்குகள் கிளப்பிய கொதிப்பு, லண்டனில் காலி கஜானா என எல்லாம் சேர்ந்து நெருக்கின. அட்லி சைமன் கமிஷனில் உறுப்பினராக இங்கே வந்து எதிர்ப்பை நேரில் பார்த்தவர்; நிலைமை அவருக்குப் புரிந்தது.

கேள்வி: தொழிற்கட்சிக்காரர்கள் சொன்னதைச் செய்தார்களா?

பதில்: நிறையவே. 1947 ஜனவரி 1 அன்று நிலக்கரிச் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 1948 ஜூலை 5 அன்று இலவச தேசிய மருத்துவச் சேவை தொடங்கியது. ஆனால் போரின்போதுகூட ரேஷனில் வராத ரொட்டி 1946ல் ரேஷனுக்கு வந்தது, ஜனங்கள் சலித்துப்போனார்கள். 1951ல் கன்சர்வேட்டிவ்களை விட அதிக வாக்கு வாங்கியும் இடங்கள் குறைந்து ஆட்சியை இழந்தார்கள். மறுபடி பிரதமரானது யார் என்கிறீர்கள்? அதே சர்ச்சில்தான்.